சீர்த்தட்டோடு வந்தவர்கள்

கந்தர்வக்கோட்டைக்கு வெளியே, முந்திரிக்காட்டை ஒட்டிய செம்மண் பொட்டலில் முதன்முதலாக அஸ்திவாரம் வெட்டியவன் நான். அங்கே பாம்புதான் குடிவரும் என்று சிரித்தார்கள். இன்று அது ஒரு நகர். அதில் பாதி வீடுகள் என் கையால் எழும்பியவை. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி நான் கட்டியது. பஸ் நிறுத்தத்து நிழற்குடை நான் கட்டியது. பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு, இரண்டு இடத்தில் போர்க்குழாய் தோற்று அடுத்த இடத்தில் தண்ணீர் கண்ட பொதுக்குழாய், எல்லாவற்றிலும் என் வேர்வை இருக்கிறது. பாங்கிக்காரர் என் படிப்பைக் கேட்டுவிட்டுக் கடன் இல்லை என்றார். கூட்டுச் சேர்ந்தவன் பாதி வேலையில் ஓடினான். சாரம் சரிந்து கால் ஒடிந்து கிடந்தபோது, ‘மேஸ்திரி கதை முடிஞ்சது’ என்று டீக்கடையில் பேசினார்கள். மாவுக்கட்டுப் பிரிப்பதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்தபடி தளம் போட்டு முடித்தேன். கஜா புயலில் முந்திரி மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. நான் கட்டிய வீடுகளில் ஒரு சன்ஷேடுகூட விரியவில்லை. போய்ப் பார்க்கலாம்.

பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு என்னை விட்டது. அதற்குப் பிறகு தலையில் ஏறியது சிமெண்டுச் சட்டி. சட்டி தூக்கியவன் கொத்துக் கரணை பிடித்தான், கரணை பிடித்தவன் மேஸ்திரி ஆனான், மேஸ்திரி கான்ட்ராக்டர் ஆனான். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை.

இதையெல்லாம் முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பொங்கலுக்குப் பிறகு என்னைப் பற்றி ஊருக்குள் ஒரு கதை நடமாடுகிறது. பேத்தியின் காதுகுத்துக்குப் போகாமல், மகனோடு கோபித்துக்கொண்டு வீட்டில் கிடந்த கிழவன், திருடர்கள் வந்த நேரத்தில் தற்செயலாக அங்கே இருந்தானாம். தற்செயலாம்! அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நடந்தது என்ன என்று எழுதுகிறேன். படித்துவிட்டு யார் வேண்டுமானாலும் தீர்ப்புச் சொல்லட்டும்.

எங்கள் நகரில் குடியிருக்கும் யாருக்கும் அது பிறந்த ஊர் இல்லை. வாத்தியார்கள், கண்டக்டர்கள், நர்சுகள், சிங்கப்பூரிலும் துபாயிலும் சம்பாதிக்கிறவர்களின் குடும்பங்கள். பொங்கல் லீவு விட்டால் எல்லோருக்கும் சொந்த ஊர் நினைவு வந்துவிடும். மாட்டுப் பொங்கலன்று வீதியில் நாய்கூட ஆளைத் தேடித்தான் குரைக்க வேண்டும்.

வீட்டைப் பூட்டுவது என்றால் என்னவென்று இவர்களுக்குத் தெரியாது. கட்டிக் கொடுத்த எனக்குத் தெரியும். முன்வாசலுக்குத் தேக்கு நிலை, கஜலட்சுமி செதுக்கிய கதவு, பளபளக்கும் பித்தளைக் கைப்பிடி வேண்டும். கொல்லைப்புறத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கதவு போதும் என்பார்கள். ஒரு உதை தாங்காது அது. ‘யாரு மேஸ்திரி பின்னாடி வந்து பாக்கப்போறா?’ என்பார்கள். பார்க்க வேண்டியவன் அங்கேதான் வந்து பார்ப்பான் என்று சொன்னால் கோபம் வரும். சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைப்பார்கள். அதுவும் வீதியில் எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள். பொங்கலன்று போட்ட கோலம் காலடி படாமல் வாசலில் அப்படியே கிடக்கும். பால் பாக்கெட்டை நிறுத்தச் சொல்ல மறந்து, அது படியில் வெயிலில் உப்பிக் கிடக்கும். வீட்டில் ஆள் இல்லை என்று வீடே கத்திக்கொண்டிருக்கும். திரும்பி வந்து பார்த்துவிட்டு, போலீஸ் சரியில்லை என்பார்கள்.

என் வீட்டுக் கொல்லைக் கதவுக்கு நான் இரும்புத் தகடு அடித்திருக்கிறேன். ஜன்னலுக்கெல்லாம் கைவிரல் தடிமனில் கம்பி. முன் கிரில்லுக்கு வெளிப்புறம் கனத்த நாதாங்கியும் அதில் தொங்க ஒரு பெரிய பூட்டும். என் மனைவி கிரஹப்பிரவேசத்தன்றே சொன்னாள், “மாட்டுக் கொட்டகைக்குப் போடுற மாதிரி போட்டு வச்சிருக்கீங்க. வாரவங்க சிரிக்கப் போறாங்க.” வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தை மாதக் கடைசியில் என் இளைய மகளுக்குக் கல்யாணம். பொங்கலுக்குப் பாங்கி தொடர்ந்து மூடிக் கிடக்கும், நகைக்கு மெருகு போட வேண்டும் என்று, லாக்கரில் இருந்ததையெல்லாம் மகன் முன்கூட்டியே எடுத்து வந்து வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டான். சாதாரண நகை இல்லை அது. காசுமாலை என் மனைவி கழுத்தில் இருந்தது. கைவளையல்கள் மண்டபத்துச் சமையல்கட்டு முடித்த வருஷம் வாங்கியது. ஆரம், கால் ஒடிந்து எழுந்த பிறகு கட்டிய முதல் வீட்டில் மிஞ்சியதில் செய்தது. என் ஆயுசு முழுக்க அந்தப் பீரோவில் மஞ்சள் துணிப்பைக்குள் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போனால் மகள் கல்யாணம் நிற்கும். வேறு பேச்சே இல்லை.

அந்த நேரத்தில்தான் மகன், தன் மகளுக்குக் காதுகுத்து வைத்தான். காணும் பொங்கலன்று, குன்றாண்டார்கோவில் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில். வைக்கட்டும், நல்ல காரியம். ஆனால் அதற்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தான்.

நாற்சந்தியில் டீக்கடைக்கு எதிரே, கம்பு நட்டு, ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. நடுவில் பேத்தி பட்டுப்பாவாடையோடு சிரிக்கிறாள். அவளைச் சுற்றி அத்தைமார், சித்தப்பாமார், தாய்மாமன்மார், ஒவ்வொரு முகத்துக்கும் கீழே முறையும் ஊரும். படம் கிடைக்காதவர்களுக்கு எழுத்து மட்டும்: ‘கட்டுமாவடி அத்தை குடும்பத்தார்.’ அதற்கும் கீழே கோயில், நாள், ‘இல்லத்திலிருந்து வேன் புறப்படும் நேரம்’ எல்லாம். உச்சியில் கோட்டுப் போட்ட ஒரு ஆள் கைகூப்பி நின்றார். எழுத்துக் கூட்டி வாசித்தேன். ‘அன்புடன் அழைக்கும் தாத்தா, கான்ட்ராக்டர்’ என்று இருந்தது.

“யார்றா இது?” என்றேன்.

“நீங்கதாம்ப்பா.”

“நான் எப்படா கோட்டுப் போட்டேன்?”

“ரேஷன் கார்டு போட்டோலேருந்து தலைய மட்டும் எடுத்தாங்கப்பா. ஒடம்பு அவங்ககிட்ட ரெடியா இருக்கும். எல்லாருக்கும் அதே ஒடம்புதான்.”

நரையைக் கறுப்பாக்கி, என் கறுப்பை வெளுப்பாக்கி வைத்திருந்தான் அந்தக் கடைக்காரன். “கோட்டு கெடக்கட்டும். வீட்டப் பூட்டிட்டு எத்தன மணிக்குப் போறோம்னு எதுக்குடா போட்டுருக்க?”

“சொந்தக்காரங்களுக்குத் தெரிய வேணாமா?”

“சொந்தக்காரனுக்குத்தான் போன்ல சொல்லியாச்சே. இது யாருக்கு?”

“ஊருக்குப்பா. நம்ம யாருன்னு ஊரு பாக்கணும்ல.”

“திருடனும் ஊருக்குள்ளதானடா நடமாடுறான்? அவனுக்குக் கண்ணு இல்லையா?”

டீக்கடையில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் ஒருவர், எங்கள் வீதிக்காரர், டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார், “மேஸ்திரி, திருடன் ஃப்ளெக்ஸ் படிச்சுட்டா வரப் போறான்? அவன் படிச்சிருந்தா எங்கயாச்சும் வேலைக்குப் போயிருப்பான்ல.”

கடையே சிரித்தது. என் மகனும் சிரித்தான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. “நானும் படிக்கலதான். எழுத்துக் கூட்டி வாசிச்சுட்டேன்ல? அவன் வாசிக்க மாட்டானா?” என்றேன். சிரிப்பு அடங்கவில்லை. ஃப்ளெக்ஸ் இறங்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பூத்தொடுத்துக்கொண்டே, “நல்ல நாளும் அதுவுமா ஒங்க வாயில திருடன் திருடன்னுதான் வருது” என்றாள்.

“அப்ப நகைய வச்சுட்டு எல்லாரும் போயிரலாமா?”

“அடுத்த வீட்டுப் புள்ளைக்கிட்ட சாவி குடுக்கச் சொல்லியிருக்கேன். அது பாத்துக்கும்.”

“சாவி குடுத்துட்டா காவலாயிருமா? நான் வரல. நான் இங்க இருக்கேன்.”

அவள் பூவைக் கீழே வைத்தாள். “பேத்தி காதுகுத்துக்குத் தாத்தா வரலன்னா, சபையில கேக்குறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

“வீட்டக் காக்குறாருன்னு சொல்லு.”

உள்ளேயிருந்து மகன் குரல் கொடுத்தான், “விடும்மா. அப்பாவுக்கு அந்தக் கோட்டுப் போட்டோ புடிக்கல. அந்தக் கோவம்.”

இங்கேதான் அந்தக் கதை பிறந்தது. என் சொந்த வீட்டுக் கூடத்தில், என் சொந்த மகன் வாயிலிருந்து. நகையைக் காக்க ஆள் வேண்டும் என்று தமிழில்தான் சொன்னேன். யாருக்கும் காதில் ஏறவில்லை.

காணும் பொங்கல் காலையில் வேன் வந்தது. முதல்நாளே வந்து தங்கியிருந்த என் கட்டுமாவடித் தங்கையும் அவள் மகனும் என்னோடு உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறினார்கள். அந்த மருமகனைச் சின்ன வயசில் தோளில் தூக்கித் திரிந்தவன் நான். பேத்தி வேன் ஜன்னலிலிருந்து, “தாத்தா, நீங்க வல்லியா?” என்று கேட்டாள். “நீ அழுவ, நான் பாக்க மாட்டேன்” என்றேன். “நான் அழ மாட்டேனே” என்றாள். வேன் போய்விட்டது. போகும்போது மகன் கிரில்லைப் பூட்டிச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். நான் உள்ளே இருக்கமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். எதிர் மனையில் எனக்கு வேலை இருந்தது.

அங்கே பொங்கலுக்கு முன்னால்தான் மாடித் தளம் போட்டிருந்தேன். காங்கிரீட்டுக்குப் பண்டிகையும் தெரியாது, லீவும் தெரியாது. மேலே தண்ணீர் வற்றாமல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வெடிப்பு விழும். ஆட்களெல்லாம் ஊருக்குப் போயிருந்தார்கள். நானே ஓஸ் பைப்பை இழுத்துக்கொண்டு மேலே ஏறினேன். அங்கேயிருந்து பார்த்தால் என் வீட்டு வாசல் கண்ணுக்கு நேராகத் தெரியும். நான் இடம் பார்த்து நின்றேன். தற்செயல் எங்கே இருக்கிறது இதில்?

வெயில் ஏறிய நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. வாடகைக் கார். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண், கையில் சரிகைத் துணி போர்த்திய தாம்பாளம். தேங்காய் துருத்திக்கொண்டு தெரிந்தது. பின்னாலேயே பட்டுவேட்டியில் ஒரு ஆள். யாரோ தாமதமாக வந்த உறவுக்காரர்கள் என்றுதான் நானும் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டுப் பெண் வெளியே வந்தது. ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். என்னை அப்பா என்று கூப்பிடும், தங்கமான பிள்ளை. அவர்கள் பேசியது எனக்கு மேலே சரியாகக் கேட்கவில்லை. பிறகு அந்தப் பெண்ணே அழுதுகொண்டு சொன்னது இது.

“கட்டுமாவடி அத்தை வீட்டுலேருந்து வாரோம்மா. எல்லாரும் கெளம்பிட்டாங்களா?” என்று பட்டுப்புடவைக்காரி கேட்டிருக்கிறாள்.

“இப்பத்தாங்க போனாங்க. நீங்க நேரா கோயிலுக்கே போயிருக்கலாமே?”

“போகலாம்தான். சீர மொதல்ல வீட்டு சாமிகிட்ட வச்சு எடுத்துட்டுத்தான் போகணும். எங்க பக்கத்து மொற அது. கை வேற வலிக்குதும்மா, கீழயும் வைக்கக் கூடாது.”

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு பெண்ணால் என்ன செய்ய முடியும்? சீர்த்தட்டைக் கையில் ஏந்தி வந்தவர்களை வெயிலில் நிறுத்தி, நீ யார், உன் ஆதாரைக் காட்டு என்று யாராவது கேட்பார்களா? கேட்டால் அது எவ்வளவு பெரிய பழியாகும்! கல்யாணம் காட்சி எல்லாம் அந்த ஒரு கேள்வியில் உடைந்துபோகும். அது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கடப்பாரையைக் கொண்டுவரவில்லை. நம்முடைய மரியாதையையே கடப்பாரையாக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். முறையும் ஊரும் பேத்தியின் பெயரும்தான் ஃப்ளெக்ஸில் இருக்கிறதே. எதிரே நிற்கும் என்னைக் கூப்பிடக்கூடத் தோன்றாமல் அந்தப் பிள்ளை ஓடிப்போய்ச் சாவியை எடுத்து வந்து பூட்டைத் திறந்து, சாவியோடு பூட்டை நாதாங்கியில் தொங்கவிட்டுவிட்டு, “உக்காருங்க, காப்பி போட்டுக் கொண்டாரேன்” என்று தன் வீட்டுக்குள் போய்விட்டது.

வந்தவர்களை வாங்க என்று கேட்க வேண்டுமே என்று நான் ஓஸைப் போட்டுவிட்டு இறங்கினேன். அழுக்குக் கைலி, முழங்கால் வரை சிமெண்டுச் சேறு, தலையில் துண்டு. பட்டுப்புடவைக்காரி உள்ளே போயிருந்தாள். ஆள் வாசலில் நின்று வீதியை இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏய் பெருசு, சும்மாதான நிக்கிற? டிக்கியில வாழத்தாரு இருக்கு. எறக்கி உள்ள வையி” என்றான்.

என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து! தூரத்துச் சொந்தமாக இருக்கும், அடையாளம் தெரியவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“யாரு வீட்டுக்குங்க வந்துருக்கீங்க?”

“எங்க மாமா வீட்டுக்கு. நீ யாரு, இங்கிட்டு வேல பாக்குறியா?”

“ஆமாங்க. எதுத்த தளத்துக்குத் தண்ணி விடுறேன். மாமான்னா யாரு, மேஸ்திரியா?”

“மேஸ்திரி இல்லப்பா, கான்ட்ராக்டரு. பெரிய ஆளு.”

நம் ஆட்கள் ஒருவர் வாயிலிருந்தும் வராத வார்த்தை அது. “நீங்க யாரு மகன்?” என்றேன்.

“கட்டுமாவடி அத்தை மகன்.”

அவன்தான் காலையிலேயே வேனில் போய்விட்டானே! ஆனாலும் இன்னொரு கேள்வி கேட்டேன். “மாமாவ நல்லாத் தெரியுமோ?”

“என்ன பெருசு இப்படிக் கேக்குற? என்னத் தோள்ல தூக்கி வளத்தவரு. நல்லா செவப்பா, கோட்டுப் போட்டா கலெக்டரு மாதிரி இருப்பாரு.”

உள்ளேயிருந்து பீரோக் கைப்பிடி நெரியும் சத்தம் வந்தது. இரும்பு எங்கே நெரிந்தாலும் எனக்குத் தெரியும். கத்தினால் அவன் என்னைத் தள்ளிவிட்டு ஓடுவான். பையோடு அவளும் ஓடுவாள். வீதியில் ஆள் இல்லை. என் காலில் பழைய ஒடிவு. மஞ்சள் துணிப்பை கண்முன் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“சரிங்க, எறக்குறேன். தார உள்ள எங்க வைக்கணும்னு எடத்தக் காட்டுனீங்கன்னா தேவல. சேத்துக் காலு, நான் பாட்டுக்கு டைல்ஸ்ல வைக்க முடியாது.”

“இரு, பாத்துச் சொல்றேன்” என்று உள்ளே போனான். அவன் இரண்டு எட்டு வைத்ததும் கிரில்லை இழுத்துச் சாத்தினேன். நாதாங்கியை மாட்டினேன். பூட்டை அழுத்தினேன். சாவியை உருவி மடியில் முடிந்துகொண்டேன். இரும்பில் உராய்ந்து விரல் கிழிந்தது, அதுகூடப் பிறகுதான் தெரிந்தது.

“ஏய், என்ன பண்ற?” என்று பாய்ந்து வந்தான்.

“பூட்டுறேன்.”

“எதுக்கு?”

“என் வீடு, நான் பூட்டுறேன்.”

கம்பிக்குப் பின்னால் அவன் என் முகத்தையே பார்த்தான். மேலிருந்து கீழே பார்த்தான். பிறகு மெதுவாக, “மாமா…” என்றான்.

“இப்பத்தான் மாமாவா? இவ்வளவு நேரம் பெருசு.”

அவள் கெட்டிக்காரி. உள்ளேயிருந்து வீதிக்கே கேட்கிற மாதிரி ஒப்பாரி வைத்தாள், “சீரு கொண்டாந்தவங்கள அடச்சு வைக்கிறாரே! இந்த அநியாயத்தக் கேக்க ஆளில்லையா!” காப்பி டம்ளர்களோடு வந்த அடுத்த வீட்டுப் பெண் பதறிப்போனது.

“அப்பா! என்னப்பா இது? காதுகுத்துக் கோவத்த இவங்ககிட்டயா காட்டுறது? தொறங்கப்பா, பாவம்ப்பா!”

பாருங்கள். திருடனைப் பிடித்து நிற்கிறேன், பாவம் அவர்கள் பக்கம் போகிறது. என் மேல் வருவது காதுகுத்துக் கோபம் என்ற பட்டம். நான் ஒரு கணம் தயங்கியிருந்தால்கூட அந்தப் பிள்ளை என் மடியிலிருந்து சாவியை வாங்கியிருக்கும். அவ்வளவு அழுகை உள்ளே.

“ஆத்தா, கட்டுமாவடி மருமகன் காலையில என்கூட உக்காந்து இட்லி சாப்புட்டுட்டு வேன்ல போனான். நீயும் வாசல்ல நின்னு டாட்டா காட்டுன. அப்ப இவன் யாரு?”

டம்ளர் ஒன்று கீழே விழுந்தது. அதற்குமேல் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போனை எடுத்து ஸ்டேஷனுக்கு அடித்தது.

உள்ளே அவர்கள் கொல்லைப்பக்கம் ஓடிக் கதவை உதைத்தார்கள். வீடே அதிர்ந்தது. “ஒதைங்க, நல்லா ஒதைங்க. அது பிளாஸ்டிக் இல்ல, நான் வச்ச கதவு!” என்று கத்தினேன். சத்தம் கேட்டு டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முதலில் வந்தவர் கண்டக்டர்தான். ஃப்ளெக்ஸ் படித்துவிட்டா வரப் போகிறான் என்று கேட்டாரே, அவரேதான். கார் டிரைவர் மட்டும் ஒன்றும் புரியாமல் வண்டிப் பக்கத்தில் நின்றான். அவனும் விருந்தாளி என்றே நம்பி ஏற்றி வந்திருக்கிறான். “அண்ணே, விசேஷம் இல்லன்னா எனக்குச் சாப்பாடு?” என்று கேட்டான். எரிச்சலிலும் சிரிப்பு வந்துவிட்டது.

போலீஸ் வந்த பிறகுதான் நான் பூட்டைத் திறந்தேன். தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. மேலே சரிகைத் துணி. பழத்துக்கு அடியில் மஞ்சள் துணிப்பை. வந்தபோது எப்படி ஏந்தி வந்தாளோ, அப்படியே ஏந்திக்கொண்டு, அந்தப் பிள்ளையிடம் காப்பியும் குடித்துவிட்டுப் போயிருப்பாள். நாங்கள் வாசல்வரை வந்து வழியனுப்பியிருப்போம்.

செய்தி கேட்டு, காதுகுத்தி முடித்த கையோடு வேன் திரும்பி வந்தது. இளைய மகள் இறங்கி ஓடி வந்தாள். பையைப் பார்த்தாள். அதைத் தொடவில்லை. என் விரலைப் பிடித்துப் பார்த்து, “ரத்தம் வருதுப்பா” என்றாள். மகன் என்ன கேட்டான் தெரியுமா? “வாசல் கேமரால எல்லாம் பதிஞ்சிருக்கும்ல?”

பதியவில்லை. சீரியல் செட்டு விளக்குக்குப் பிளக் வேண்டும் என்று கேமராவின் வயரை அவனே பிடுங்கிப் போட்டிருந்தான்.

இவ்வளவும் நடந்தது. இனிமேல் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பேப்பரில் உள்ளூர்ச் செய்தியாக வந்தது, ‘பொதுமக்கள் மடக்கிப் பிடித்தனர்’ என்று. எந்தப் பொதுமக்கள்? டீக்கடையில் சிரித்தவர்களா? நகர்ச் சங்கத்தார், நான் சமையல்கட்டுக் கட்டிய அதே மண்டபத்தில், விடுமுறை நாட்களில் வீட்டைக் காப்பது எப்படி என்று கூட்டம் போட்டு, ‘பொதுமக்களை’ப் பாராட்டித் தீர்மானமும் எழுதினார்கள். இன்ஸ்பெக்டர் வந்தார். நல்லவிதமாகவே பேசினார். ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், போகும் நாளை விளம்பரம் செய்யாதீர்கள், கேமரா வையுங்கள் என்றார். பிறகு பொன்னாடை. போன் செய்த அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு ஒன்று. வீட்டு உரிமையாளர் என்று என் மகனுக்கு ஒன்று. ஓடி வந்த கண்டக்டருக்கு ஒன்று. நான் கூட்டத்தில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் மைக்கில், “புடிச்சது எங்க அப்பாதான், பெரியவருதான்…” என்று ஆரம்பித்தது. நேரமாகிவிட்டது என்று சங்கச் செயலாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். என் மகன் பொன்னாடையோடு நின்று போட்டோவுக்குச் சிரித்தான். வாய் திறக்கவில்லை. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வெளியே வரும்போது கண்டக்டர் தோளில் கை போட்டார். “மேஸ்திரி, நீங்க அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டு இருந்ததும் நல்லதாத்தான் போச்சு.” கையைத் தட்டிவிட்டேன்.

அதைக்கூட விட்டுவிடுவேன். நேற்று சம்பந்தி வந்தார், மகளின் மாமனார் ஆகப்போகிறவர். பந்தல் பற்றிப் பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது சிரித்துக்கொண்டே கேட்டார், “பேத்தி காதுகுத்துக்கே கோவிச்சுக்கிட்டு வரலயாம்ல? மக கல்யாணத்துக்காவது வந்துருவீங்கள்ல?”

வேடிக்கையாகத்தான் கேட்டார். பக்கத்தில் என் மகன் நின்றான். அவனும் சிரித்தான். உள்ளே என் மகள் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எந்த நகையைப் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகப் போகிறாளோ, அந்த நகை இருப்பதே என்னால்தான். அந்த வீட்டுக்கு நான் யார்? முறைத்துக்கொண்டு மூலையில் கிடக்கும் கிழவன்.

கோபம் இருந்தது. நான் இல்லையென்று சொல்லவில்லை. இப்போதும் இருக்கிறது. கோபக்காரன் காவல் இருக்கக் கூடாது என்று சட்டமா? நான் சொன்னபோது ஒருவன் கேட்டிருந்தால் எனக்கும் கோயிலுக்குப் போய்ப் பேத்தியின் காதைப் பார்க்கத் தெரியும். அவள் அழவில்லையாம். தோட்டைக் காட்டிக்காட்டிச் சொல்கிறாள். நான் பார்க்காதது பார்க்காததுதான். அந்த நஷ்டத்தை யாரும் எனக்குப் பொன்னாடையில் சுற்றிக் கொடுக்க வேண்டாம்.

எனக்கு வேண்டியது இது. கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கு முன்னால், இரண்டு வீட்டாரும் கூடியிருக்கும்போது, என் மகன் எழுந்து நிற்க வேண்டும். ‘அப்பா அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டு வீட்டுல இருக்கல. ஆபத்து வரும்னு முன்னாடியே சொன்னாரு, நாங்க கேக்கல. அவரே காவலுக்கு நின்னாரு. தங்கச்சி கழுத்துல இருக்குற நகைய ஒத்த ஆளா நின்னு மீட்டது அவருதான்’ என்று, சம்பந்தி காதில் விழும்படி, சொந்த வாயால் சொல்ல வேண்டும். நகர்ச் சங்கத்தார் தங்கள் தீர்மானத்தில் ‘பொதுமக்கள்’ என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுத வேண்டும். முழுப் பெயராக, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு. என்னைக் கேட்டால் நானே சொல்கிறேன், பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.